அந்த இ.சி.ஜி.யை யார் பார்ப்பது?

பாலவாக்கத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால், முதல் அரை மணி நேரம் வீட்டுக்குள்ளேயே போய்விடும். "வாய்வு பிடிச்சிருக்கும், இந்தாங்க, கொஞ்சம் ஓமத் தண்ணி குடிங்க" என்று ஒரு டம்ளர் வரும். அதற்கும் அடங்காவிட்டால் ஜெலுசில். இடது கை கனக்கிறது, பனியன் வியர்வையில் ஊறிவிட்டது என்ற பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை அந்த நேரத்தில் காலியாகத்தான் கிடக்கும். ஆனால் எங்கே போவது? திருவான்மியூர் பக்கமா, அடையாறா, நேராக ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனைக்கா? மேற்கே பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி ஓ.எம்.ஆருக்குப் போக இருக்கும் வழிகளும் கொஞ்சம்தான். கடைசியில் எது பக்கமோ அந்தச் சின்ன நர்சிங் ஹோம் வாசலில் போய் நிற்பார்கள்.

அங்கே சிஸ்டர் சட்டையைக் கழற்றச் சொல்வார். கை கால்களில் நான்கு கிளிப், நெஞ்சில் ஜெல் தடவி ஆறு குமிழ். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள், நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வெளியே வரும். அதில் ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. சில இடங்களில், துடிப்பின் கூர்முனை இறங்கிய பிறகு அடிக்கோட்டோடு சேர வேண்டிய எஸ்.டி. பகுதி சேராமல் மேலேயே மேடு கட்டி நிற்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று முழுக்க அடைத்துக்கொண்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மருத்துவர்கள் இதை 'ஸ்டெமி' என்பார்கள். மாரடைப்புகளில் மிக அவசரமான வகை.

டூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர். அந்தத் தாளைச் செல்போனில் படம் பிடித்து, தனக்குத் தெரிந்த இதய நிபுணருக்கு அனுப்புகிறார். அந்தப் பக்கம் இரண்டு டிக் விழுகிறது. நீல நிறமாக மாறவில்லை.

இங்கேதான் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. மருந்து இருக்கிறது, கருவி இருக்கிறது, படித்த நிபுணர்கள் இருக்கிறார்கள். தாளுக்கும் நிபுணரின் கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் உயிர் போகிறது. அந்த இடைவெளியை ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு, அதற்காகத் தங்கள் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கொடுத்த இரண்டு இதய மருத்துவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கோவை மெடிக்கல் சென்டரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர் ஒருவர். சென்னை முகப்பேரில் உள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் டாக்டர் அஜித் முல்லசாரி இன்னொருவர். மருத்துவத்தில் 'டிஜிட்டல்' என்ற சொல் இன்று விளம்பரப் பலகை ஏறிவிட்டது. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன மதிப்பு என்று அறிய வேண்டுமானால், இவர்கள் செய்த வேலையை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஊசியா, பலூனா?

அடைப்பைத் திறக்க இரண்டு வழி உண்டு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பழையது, விலை குறைவு. டெனெக்டிபிளேஸ் புதியது, ஒரே தடவையில் ஏற்றிவிடலாம். அல்லது கேத் லேபுக்குக் கொண்டுபோய், குழாய் வழியாக பலூனை நுழைத்து அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைக்கலாம். முழு வசதியுள்ள மருத்துவமனை வாசலில் நோயாளி கால் வைத்ததிலிருந்து 90 நிமிடத்துக்குள் பலூன் விரிந்துவிட வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல். அப்படி முடிந்தால் பலூன்தான் மேல். அதில் சந்தேகமில்லை.

அந்த பலூன் வித்தையை 1977-ல் சூரிக்கில் முதன்முதலில் செய்துகாட்டியவர் ஆந்த்ரியாஸ் குருன்ட்சிக். அவரிடம் பயிற்சி பெற்று வந்து அதை இந்தியாவில் வேரூன்றச் செய்த முன்னோடி, 2025 ஏப்ரலில் சென்னையில் காலமான டாக்டர் மேத்யூ சாமுவேல் களரிக்கல். அடைப்பைக் கத்தியில்லாமல் திறக்க முடியுமா என்பதுதான் அந்தத் தலைமுறையின் கேள்வி. முடியும் என்று நிரூபித்துவிட்டார்கள். நேரத்துக்குள் யாருக்கெல்லாம் திறக்க முடிகிறது என்ற அடுத்த கேள்வி மிச்சமிருந்தது. அறுவை அரங்கில் அதற்கு விடை கிடையாது. ஆம்புலன்சில், இன்ஷூரன்ஸ் அட்டையில், தாலுகா மருத்துவமனையில், செல்போன் டவரில் தேட வேண்டிய விடை அது.

நிலவரம் எவ்வளவு மோசம் என்பதை 2008-ல் லான்செட் இதழில் வந்த 'கிரியேட்' பதிவேடு காட்டியது. இந்தியாவின் 50 நகரங்களில் 89 மருத்துவமனைகளுக்கு வந்த 20,937 இதய நோயாளிகளின் கணக்கு. வலி தொடங்கி ஆஸ்பத்திரி வந்து சேர அவர்களுக்கு ஆன இடைநிலை நேரம் 360 நிமிடம். ஆறு மணி நேரம்! ஆம்புலன்சில் வந்தவர்கள் மிகச் சிலர். ஸ்டெமி நோயாளிகளில் பலூன் சிகிச்சை பெற்றவர்கள் 100-க்கு 8 பேர். ஏழைகளுக்குச் சிகிச்சையும் குறைவு, சாவும் அதிகம். இத்தனைக்கும் நம் ஆட்களுக்கு மாரடைப்பு சீக்கிரமே வருகிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் வயது சராசரியாக 53, மற்றவர்களுக்கு 59 என்று 'இன்டர்ஹார்ட்' ஆய்வு சொன்னது. பிள்ளைகள் இன்னும் கல்லூரியில் இருக்கும் வயது. வீட்டுக் கடன் பாதி கூடக் கட்டியிருக்காத வயது.

கோவையும் முகப்பேரும்

அமெரிக்க வழிகாட்டுதலை அப்படியே எடுத்துவந்து எல்லோருக்கும் 90 நிமிடத்தில் பலூன் என்று அறிவித்திருந்தால், அது ஒரு அறிவிப்பாகவே நின்றிருக்கும். ஒரு மாவட்டத்தில் ஒன்றிரண்டு கேத் லேப்தான் இருக்கும்போது 90 நிமிடம் யாருக்குக் கைகூடும்? முல்லசாரியின் குழு வேறு வழியை ஆராய்ந்தது. முதலில் போகிற சின்ன ஆஸ்பத்திரியிலேயே ஊசி போட்டுக் கட்டியைக் கரைப்பது, பிறகு 3 முதல் 24 மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ செய்து (குழாயில் எங்கே அடைப்பு என்று படமெடுத்துப் பார்த்து), தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பது. 200 நோயாளிகளை வைத்து இதை நேரடி பலூனோடு ஒப்பிட்டார்கள். சிறிய ஆய்வுதான், அதை மட்டும் நம்பி ஒரு மாநிலத்தின் நடைமுறையை மாற்ற முடியாது. ஆனால் 2013-ல் 15 நாடுகளில் 1,892 பேரை வைத்து நடந்த 'ஸ்ட்ரீம்' ஆய்வும் அதே திசையைக் காட்டியது. ஒரு மணி நேரத்துக்குள் பலூனுக்கு வாய்ப்பில்லாதவர்களுக்கு முதலில் ஊசி, பிறகு ஆஞ்சியோ என்ற வழி நேரடி பலூனுக்கு ஏறக்குறைய நிகராக இருந்தது. மூளையில் ரத்தக்கசிவு கொஞ்சம் அதிகம். வயதானவர்களுக்கு மருந்தின் அளவைப் பாதியாக்கிய பிறகு அந்தக் கவலையும் குறைந்தது.

தாமஸ் அலெக்சாண்டர் கோவை–ஈரோடு வட்டாரத்தில் இதே யோசனையைச் சின்ன அளவில் நடத்திப் பார்த்தார். நடுவில் ஒரு பெரிய மருத்துவமனை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன மருத்துவமனைகள். இருவரும் சேர்ந்து லாப நோக்கமில்லாத 'ஸ்டெமி இந்தியா' அமைப்பைத் தொடங்கினார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பிரம்மாஜி நல்லமோத்து போன்ற ஆய்வாளர்கள் கணக்குப் போடும் பொறுப்பில் கை கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் அப்போது இரண்டு விஷயங்கள் தயாராக இருந்தன. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ். 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். வண்டிக்குக் காசில்லை, ஸ்டென்ட்டுக்கும் காசில்லை என்ற இரண்டு சுவர்களையும் அரசு ஏற்கெனவே ஓரளவு இடித்துவிட்டிருந்தது. இதைச் சொல்லாமல் மருத்துவர்களை மட்டும் புகழ்வது நியாயமாகாது. அவர்கள் செய்தது, தனித்தனியாகக் கிடந்தவற்றை ஒரே கயிற்றில் கட்டியது.

2012 ஆகஸ்டில் தமிழ்நாடு ஸ்டெமி ஆய்வு ஆரம்பமானது. கேத் லேப் உள்ள நான்கு பெரிய மருத்துவமனைகளை மையமாக வைத்து, அவற்றைச் சுற்றிச் சிறிய மருத்துவமனைகளைச் சேர்த்தார்கள். வேலூர் சி.எம்.சி.யும் கை கோத்தது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேலி இதில் இல்லை. மருத்துவமனைகளை அவற்றின் வசதிப்படி தரம் பிரித்தார்கள். எந்நேரமும் பலூன் செய்யக்கூடியது ஒரு தரம், ஊசி மட்டும் போடக்கூடியது ஒரு தரம், இ.சி.ஜி. மட்டும் எடுக்கக்கூடியது இன்னொரு தரம். சிறிய இடங்களில் இ.சி.ஜி. எடுத்து உடனே செல்போன் வலையமைப்பு வழியே அனுப்பும் கருவியை வைத்தார்கள். பெரிய மருத்துவமனையில் அதைப் பார்க்க ஆள் இருந்தார். பார்த்து, ஊசி போடுங்கள் என்றோ அனுப்புங்கள் என்றோ சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு.

கருவி பற்றி இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அதை விட முக்கியமானது அந்த 'ஆள்'. எந்த இரவில் யார் பார்க்க வேண்டும், ஊசி போடும் முடிவை யார் எடுக்க வேண்டும், 108-ஐ யார் கூப்பிட வேண்டும், காப்பீட்டு அனுமதிக்கு யார் ஓட வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. தெரிந்தவருக்கு வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

மறைக்காமல் போட்ட கணக்கு

இவர்களின் வேலையில் என்னை மிகவும் கவர்வது, கிடைத்த முடிவை அவர்கள் வெளியிட்ட விதம். ஆய்வை எப்படி நடத்துகிறோம் என்ற திட்டத்தை முடிவுகளுக்கு முன்பே, 2013-ல், பி.எம்.ஜே. ஓபன் இதழில் அச்சிட்டார்கள். இதைத்தான் அளக்கப் போகிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டால், பிறகு சாதகமான எண்ணை மட்டும் பொறுக்கிக் காட்ட முடியாது. முடிவுகள் 2017-ல் ஜாமா கார்டியாலஜியில் வந்தன.

மொத்தம் 2,420 நோயாளிகள். திட்டம் நடைமுறைக்கு வருமுன் 898 பேர், வந்த பின் 1,522 பேர். ஊசி மூலமோ பலூன் மூலமோ அடைப்பைத் திறக்கும் சிகிச்சை பெற்றவர்கள் முன்பு 88.5 சதவீதம், பின்பு 90.1 சதவீதம். பெரிய மாற்றமில்லை. சிகிச்சை தொடங்க ஆன நேரமும் சொல்லும்படி குறையவில்லை. மருத்துவமனையில் இருக்கும்போதே இறந்தவர்கள் முன்பு 5.8 சதவீதம், பின்பு 5.6 சதவீதம். அதாவது வித்தியாசமே இல்லை.

வேகம்தான் எல்லாம் என்று நம்பித் தொடங்கிய ஒரு திட்டத்துக்கு இது எவ்வளவு சங்கடமான விடை! ஆனால் அவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு வருடம் கழித்து யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடிப் போனார்கள். விசாரித்து அறிய முடிந்தவர்களில், திட்டத்துக்கு முன் 762 பேரில் 134 பேர் இறந்திருந்தார்கள். அது 17.6 சதவீதம். திட்டத்துக்குப் பின் 1,263 பேரில் 179 பேர், அதாவது 14.2 சதவீதம். நூறு பேருக்கு மூன்று பேருக்கு மேல் கூடுதலாகப் பிழைத்திருக்கிறார்கள்.

எப்படி? ஆஞ்சியோ செய்துகொண்டவர்கள் 35 சதவீதத்திலிருந்து 60.8 சதவீதமாகவும், ஸ்டென்ட் போன்ற பலூன் சிகிச்சை பெற்றவர்கள் 29.5-லிருந்து 46.5 சதவீதமாகவும் உயர்ந்திருந்தார்கள். சிறிய மருத்துவமனைகளுக்கு முதலில் போனவர்களிடம்தான் இந்த மாற்றம் அதிகம். முன்பெல்லாம் அங்கே ஊசி போட்டு வலி அடங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குழாயில் மிச்சமிருக்கும் அடைப்பு அடுத்த தடவைக்குக் காத்திருக்கும். இப்போது அவர்களும் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். என் பார்வையில், அந்த மூன்று பேரைக் காப்பாற்றியதில் இந்தத் தொடர் கவனிப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

இது முன்–பின் ஒப்பீடுதான். குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு இல்லை. காலப்போக்கில் மருந்துகளும் பழக்கங்களும் மேம்பட்டதும் இதில் கலந்திருக்கலாம். எல்லோரையும் ஒரு வருடம் கழித்துக் கண்டுபிடிக்கவும் முடியவில்லை. இந்தக் குறைகள் எல்லாம் அந்தக் கட்டுரையைப் படிக்கும் எவருக்கும் கண்ணில் படும்படி இருக்கின்றன. அதனாலேயே அதை நம்பலாம்.

இதே நேர்மையை இன்னொருவரிடமும் பார்க்கலாம். டெல்லியில் பணிபுரியும் இதய மருத்துவ ஆய்வாளர் துரைராஜ் பிரபாகரன், ரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்களுக்காக செவிலியர் கையில் டேப்லெட் கணினியைக் கொடுத்து 'எம்வெல்கேர்' என்ற ஆய்வை நடத்தினார். ஹரியானாவிலும் கர்நாடகத்திலும் 40 சமுதாய நல மையங்கள், 3,698 நோயாளிகள், இந்த முறை குலுக்கல் ஆய்வு. 2019-ல் முடிவு வந்தது. டேப்லெட் வைத்திருந்த மையத்துக்கும் இல்லாத மையத்துக்கும் ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் வித்தியாசமில்லை. அதையும் சர்க்குலேஷன் இதழில் வெளியிட்டார்கள். எந்த ஆப்பை விற்பவரும் இப்படி ஒரு செய்தியை வாய் திறந்து சொல்லமாட்டார். சொல்லக்கூடியவர்தான் ஆய்வாளர்.

எண்ணிக்கையில் காணாமல் போன பெண்கள்

தமிழ்நாடு ஸ்டெமி ஆய்வின் 2,420 பேரில் ஆண்கள் 2,034, பெண்கள் 386. ஆறு பேருக்கு ஒரு பெண் கூட இல்லை. பெண்களுக்கு, குறிப்பாக மாதவிடாய் நிற்கும் முன், மாரடைப்பு குறைவுதான். ஆனாலும் இந்த அளவு இடைவெளிக்கு அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பெண்களுக்குப் பல நேரம் நெஞ்சு வலிக்குப் பதிலாக மூச்சு வாங்குவது, முதுகு, தாடை வலி, குமட்டல், இனம் தெரியாத களைப்பு என்று வரும். அம்மாவுக்குக் களைப்பு என்றால் யார் இ.சி.ஜி. எடுக்கக் கூட்டிப் போகிறார்கள்? அவரே போகமாட்டார். காலையில் டிபனை முடித்துவிட்டுப் போகலாம் என்பார். போனாலும், நெஞ்சைத் திறந்து ஆறு குமிழ்களைச் சரியான இடத்தில் வைக்கத் தயங்கி, மார்பகத்துக்கு மேலேயே வைத்து எடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. இடம் மாறினால் கோடும் மாறும்.

அந்தப் பக்கம் எவ்வளவு பெரிய நிபுணர் விழித்திருந்தாலும், வீட்டை விட்டுக் கிளம்பாதவரின் இ.சி.ஜி. அவர் திரைக்கு வரப்போவதில்லை. டிஜிட்டல் மருத்துவம் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் தீர்க்க வேண்டியது இது.

உப்புத் தண்ணீரிலிருந்து செயற்கை நுண்ணறிவு வரை

தொலைவிலிருந்து இதயத்தைப் பார்ப்பது செல்போன் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லெம் ஐன்தோவன் உருவாக்கிய இ.சி.ஜி. கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் வைத்து உட்கார வேண்டும். அவ்வளவு பெரிய கருவியை மருத்துவமனைக்குத் தூக்கிப் போக முடியாது. அதனால் 1905-ல், மருத்துவமனையிலிருந்த நோயாளியின் இதய மின்சாரத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாக ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த தன் ஆய்வகத்துக்கு வரவழைத்தார். 1924-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கம்பியின் ஒரு முனையில் நோயாளி, மறுமுனையில் பார்க்கத் தயாராக ஐன்தோவன். 120 ஆண்டுகளாக அந்த ஏற்பாட்டின் அடிப்படை மாறவில்லை.

மாறியது மறுமுனைதான். பெங்களூரில் இதய மருத்துவர் சரித் போக்ராஜ் தொடங்கிய ட்ரைகாக் நிறுவனம், வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் இ.சி.ஜி.களைக் கணினியாலும் மருத்துவர்களாலும் சேர்ந்து பார்த்துச் சில நிமிடங்களில் பதில் அனுப்புகிறது. கைக்கடிகாரமே நாடித் துடிப்பின் ஒழுங்கின்மையைக் கவனிக்கிறது. ஆப்பிள் கடிகாரத்தை வைத்து அமெரிக்காவில் 4,19,297 பேரிடம் நடந்த ஆய்வில் எச்சரிக்கை வந்தவர்கள் 0.52 சதவீதம் மட்டுமே. ஆரோக்கியமானவர்களின் கையில் கடிகாரம் இருக்கிறது, ஆபத்தில் இருப்பவர்களின் கையில் இல்லை. பாலவாக்கம் கடற்கரையில் காலை நடைப்பயிற்சி போகிறவர் மணிக்கட்டில் அது மின்னலாம். அதே மணலில் வலை இழுக்கும் குப்பத்து மீனவருக்கு அது எதற்கும் உதவாது. அவருக்கு வேண்டியது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய் நிற்கும் இடத்தில் ஒரு இ.சி.ஜி. கருவியும், அந்தத் தாளைப் பார்ப்பது என் பொறுப்பு என்று சொல்ல ஒரு ஆளும்.

இன்னொரு கவலையும் உண்டு. பெயர், வயது, ஆஸ்பத்திரி எண் எல்லாம் அச்சான இ.சி.ஜி. தாளைப் படமெடுத்து நாற்பது பேர் உள்ள குழுவில் போடுவது இன்று சர்வ சாதாரணம். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. பெயரை விரலால் மறைத்துப் படம் எடுப்பதற்கு ஒரு நொடி போதும். அதற்கான பாதுகாப்பான தனி வழியை மருத்துவமனைகள்தான் ஏற்படுத்திக் கொடுக்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது

தமிழ்நாடு அரசு 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவருக்கு அங்கேயே 14 மாத்திரை: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அடார்வாஸ்டாட்டின் 8. பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை ரத்தம் மேலும் உறையாமல் தடுக்க முதல் இரண்டும், கொழுப்புப் படிவைக் கட்டுப்படுத்த மூன்றாவதும். ஸ்டெமி முறையும் அரசு மருத்துவமனைகளுக்கு விரிவடைந்துவிட்டது. தாமஸ் அலெக்சாண்டரும் முல்லசாரியும் காகிதத்தில் போட்ட கோடுகள் இன்று அரசாணைகளாகியிருக்கின்றன. ஒரு ஆய்வாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் அவர்களிடமிருந்து அரசு எடுத்துக்கொள்ளாத பழக்கம் ஒன்று உண்டு. எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம், எத்தனை பேரை அனுப்பினோம் என்ற எண்ணிக்கை மேடைகளில் வருகிறது. ஆனால் ஒரு வருடம் கழித்து எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்குதான் 2017-ல் உண்மையைக் காட்டியது. மருத்துவமனைக்குள் நடந்ததை மட்டும் எண்ணியிருந்தால் அந்தத் திட்டம் தோற்றது என்றே எழுதி மூடியிருப்பார்கள். மாவட்டவாரியாக, ஆண், பெண் தனித்தனியாக, அரசு, தனியார் இரண்டையும் சேர்த்து, அந்த ஓராண்டுக் கணக்கை மக்கள் நல்வாழ்வுத் துறை ஒவ்வொரு வருடமும் வெளியிட வேண்டும். காப்பீட்டு எண்ணும் 108 பதிவும் அரசின் கையிலேயே இருக்கின்றன. இரண்டையும் இணைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, வீடு தேடிப் போய் விசாரிக்க, 2021-லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் இருக்கிறார்கள்.

அதுவரை நம் பங்குக்கு: உங்கள் தெருவிலிருந்து எந்த மருத்துவமனையில் 24 மணி நேரமும் கேத் லேப் இயங்குகிறது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அங்கே எடுத்துக்கொள்வார்களா என்று இந்த வாரமே ஒரு போன் போட்டுக் கேட்டு வையுங்கள். பக்கத்து நர்சிங் ஹோமில், ராத்திரி எடுக்கும் இ.சி.ஜி.யை யார் பார்ப்பார் என்றும் கேளுங்கள். ஒரு பெயர் சொன்னால் நல்லது. சொல்லாவிட்டால், வலி வரும் ராத்திரியில் அந்த வாசலில் இறங்காமல் 108-ஐ அழையுங்கள்.